செம்பூர் மான்கள் தின்ற இலை

மான் தின்னும் இலையில் தண்ணீர் எவ்வளவு என்று அளந்து பார்க்கப் பம்பாய்க்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன், கோயமுத்தூர்ல இலையே கிடையாதா?" என்பதுதான். அடுத்தது, "மானுக்குத் தாகம் எடுத்தா அதுவே போய்க் குடிச்சுக்காதோ? நடுவுல நீ யாருடீ?" அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் அந்த நாளில் தேவைப்படாது. இப்போதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சுதந்திரம் வந்து இரண்டாவது கோடை அது. நான் ரசாயனம் படித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். மலையடிவாரத்து மான்கள் எந்த இலையைத் தின்கின்றன, அந்த இலையில் தண்ணீர் எத்தனை பங்கு, புரதம் எத்தனை பங்கு, உப்பு எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைச் சொல்லவே மாட்டாள். "காலேஜ்ல இருக்கா" என்று நிறுத்திக்கொள்வாள்.

பம்பாய்க்குக் கூப்பிட்டது கிருஷ்ணன் மாமா. அம்மாவின் தம்பி. மாட்டுங்காவில் குடியிருந்தார். பஞ்சு வியாபாரி ஒருவரிடம் ஸ்டெனோ. அந்த சேட்டுக்குச் செம்பூரைத் தாண்டி ஒரு குன்றின் சரிவில் நிலம் இருந்தது. சேட்டின் தகப்பனார் ஆசைக்குக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் அங்கே பெருகி, யாருக்கும் அடங்காத காட்டு மான்களாகவே ஆகிவிட்டன. சரிவில் ஒரே ஒரு குளம். சுற்றிலும் உப்பங்கழியும் உப்பளமும். வேறு நல்ல தண்ணீர் கிடையாது. குன்றின் அடியில் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் குளத்துத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கொடுப்பதாக சேட் வாக்குக் கொடுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீரில் மிருகம் வாய் வைக்கக்கூடாது, அதனால் குளத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட வேண்டும்.

"அப்போ மான்?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அதுக்கு இலையில இருக்கற தண்ணியே போதும்" என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். சேட் எறும்புக்கும் சர்க்கரை போடுகிற மனுஷர். யாராவது முறையாக அளந்து, போதும் என்று சொன்னால்தான் வேலியை மூடுவேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றாராம். சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த மாமா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "என் மருமாள் ஒருத்தி இருக்கா, அவளுக்கு உத்தியோகமே இதுதான்" என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தாதரில் இறங்கியபோது மாமாவுக்குப் பின்னால் பார்வதி மாமி நின்றிருந்தாள். பாலக்காட்டுக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி நேராக மாட்டுங்காவுக்கு வந்தவள். "வந்தயா? என்னடீ இது, பல்லி மாதிரி இருக்கே! உங்கம்மா சாதம் போடறாளா இல்லையா?" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். என் கையிலிருந்த காலி டின்களைப் பார்த்துவிட்டு, "பம்பாய்ல டின் கிடைக்காதுன்னு யார் சொன்னா?" என்றாள்.

அந்த மாட்டுங்கா இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நிற்கிற கிங்ஸ் சர்க்கிள். மார்க்கெட் சந்தில் வாழையிலைக் கட்டும் கறிவேப்பிலையும் மல்லிகையும் ஒன்றாக மணக்கும். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை தெருமுனை வரை நம்மைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். நடந்து போகும்போதே எந்த மாடியிலிருந்தாவது ஒரு மாமி எட்டிப்பார்த்து, "குழந்தே, நீ யாராத்துப் பொண்ணு?" என்று கேட்டுவிடுவாள். கோயமுத்தூரில் அடுத்த தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. ஆயிரம் மைல் தள்ளி வந்தால் எல்லோருக்கும் என் கோத்திரம் வரை தெரிந்திருந்தது.

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே மாமியின் கண் மங்கிக்கொண்டிருந்தது. அந்த அரிசியை வைத்துக்கொண்டு அவள் செய்த மோர்க்கூட்டானையும் எரிசேரியையும் பிறகு எந்த விருந்திலும் நான் சாப்பிட்டதில்லை. சாயங்காலமானால் மார்க்கெட்டிலிருந்து வந்த கீரை, வெற்றிலை, பூ எல்லாவற்றையும் முறத்தில் பரப்பி, விரலால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடுவாள். ஐஸ்பெட்டி எல்லாம் பணக்காரர் வீட்டுச் சமாசாரம். அந்தத் தெருவில் எல்லாச் சமையலறையிலும் அந்த நேரத்தில் அதேதான் நடக்கும்.

மறுநாள் செம்பூருக்குக் கிளம்பினேன். குர்லாவில் இறங்கி, புகைவண்டி மாற வேண்டும். மின்சார வண்டியில் வந்து இறங்கிவிட்டு அந்தக் கரி வண்டியில் ஏறினால் மறுபடியும் நம்ம ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பாதி வழியில் வண்டி நின்றது. தண்டவாளத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. டிரைவர் ஊதிப் பார்த்தார், இறங்கிப் போய்க் கும்பிட்டும் பார்த்தார். அது அசை போட்டதே தவிர அசைந்து கொடுக்கவில்லை. என் பெட்டியில் இருந்த மராத்திக் கிழவர் ஒருவர் தலையை நீட்டி, "அதுக்கும் ஒரு டிக்கெட் கொடுங்கப்பா, ஏறி உட்காரட்டும், நேரமாகிறது!" என்று கத்தினார். பெட்டியே சிரித்தது. எனக்குப் புரியாமல் நான் முழிக்க, பக்கத்துப் பெண்மணி இந்தியில் சொல்லி என்னையும் சிரிக்க வைத்தாள்.

அன்றைய செம்பூர் வேறு ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பங்களாக்கள் நாலு, அப்புறம் வயல், அப்புறம் வெறும் வெளி. சரிவில் ஏறும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இலந்தை, புரசு, கல்லத்தி, வேலம். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்தான். எங்கள் ஊரில் கோடையில் வியர்வை வருவதற்குள் காய்ந்துவிடும். இங்கே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டு மாலை வரை விடாது.

அங்கேதான் முத்தம்மாவைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் குடி. சேட் நிலத்தில் புல் அறுத்து எருமைத் தொழுவங்களுக்கு விற்கிறவள். நான் ஒரு புதரின் முன் உட்கார்ந்து, மான் கடித்த கொப்பைத் தேடி, அதற்குப் பக்கத்து இலையைப் பறித்து டின்னில் போடுவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏ யம்மா, இதுக்கா மெட்ராஸுலேருந்து ரயிலேறி வந்திய?"

"மெட்ராஸ் இல்லை, கோயமுத்தூர்."

"எதுவா இருந்தா என்ன தாயி. இலையத் தின்னுதது மானு, அத எண்ணுதது நீங்க. நல்ல சோலி!"

கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் அவள் அதற்குள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எனக்காக முள்மரத்துக் கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் நாங்கள் கூட்டாளிகள். "இதுகள் குளத்துக்கு வருமா முத்தம்மா?" என்று கேட்டேன். "நானும் இத்தன காலமா இங்கன புல்லறுக்கேன். மானு தண்ணி குடிச்சு ஒரு நாளும் கண்டதில்ல கேட்டியளா. அதுக்குத் தண்ணியே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னாள். அவள் விடிந்ததும் வந்து, வெயில் தாழுமுன் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலை சுலபந்தான். இலையைப் பறித்து, டின்னை இறுக மூடி, மெழுகு பூசிய துணியால் கட்ட வேண்டும். மாட்டுங்காவில் ஒரு கல்லூரி ரசாயனக் கூடத்தில் மாமாவின் சிநேகிதர் மூலம் எனக்கு ஒரு மேஜை கிடைத்திருந்தது. நான் செம்பூரிலிருந்து திரும்புவதற்குள் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் டின்கள் இரவு மாமி வீட்டுச் சமையலறையில் தங்கும். காலையில் கூடத்துத் தராசில் இலையை டின்னோடு நிறுப்பேன். பிறகு இலையைச் சூட்டடுப்பில் வைத்து மொறுமொறுவென்று காயவிட்டு மறுபடி நிறுத்தால், குறைந்த எடைதான் இலையில் இருந்த தண்ணீர். காய்ந்த தூளை அமிலத்தில் கொதிக்க வைத்தால் புரதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அடைத்து வைத்த இலை வியர்த்து டின்னின் உள்பக்கம் முத்து முத்தாக நிற்கும். அதுவும் இலையின் தண்ணீர்தான் என்பதால் அதையும் சேர்த்தே நிறுப்பது எங்கள் வழக்கம்.

ஒரு நாள் வண்டி தவறிவிட்டது. முத்தம்மா, "வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிட்டுப் போலாம்" என்று தாராவிக்கு அழைத்துப் போனாள். தோல் ஊறுகிற தொட்டிகளின் வாடை முதலில் மூக்கைப் பிடுங்கியது. சந்துக்குள் போகப் போக வாடை மறந்து, பேச்சுதான் காதில் விழுந்தது. "எங்கல போற?" "அவிய வந்துட்டாவளா?" பம்பாய்க்குள் தாமிரபரணிக் கரையே ஓடிக்கொண்டிருந்தது. சோளரொட்டி ஒன்றைச் சுட்டு, பச்சைமிளகாய்த் துவையலை அதன் நடுவில் வைத்துக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டத் தின்றேன். மாட்டுங்காவுக்கு வந்து மாமியிடம் இதை மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் என்னைத் தலைக்குக் குளிக்க வைக்காமல் சமையலறைக்குள் சேர்த்திருக்க மாட்டாள். அந்தக் காலம் அப்படி இருந்தது; எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

கணக்கு வந்தது. இலைகளில் தண்ணீர் முக்கால் பங்குக்கும் மேலே! கோடையின் உச்சியில், மழை கண்டு பல மாசமான சரிவில், தளிர்க்கீரையில் இருக்கிற அளவு ஈரம். ஆனால் புரதம் மட்டும் முற்றிய இலையில் இருக்கிற மாதிரி கொஞ்சமாகத்தான் இருந்தது. தளிராக இருந்தால் இரண்டும் அதிகமாக இருக்க வேண்டும், முற்றலாக இருந்தால் இரண்டும் குறைவாக இருக்க வேண்டும். கூடத்தில் இருந்த ஜோஷி என்ற மராத்திக்காரரிடம் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது பம்பாய், பெண்ணே. கடல்காற்று. இங்கே உப்பு தானே கரைகிறது, தீப்பெட்டி பற்றுவதில்லை. இலை மட்டும் என்ன செய்யும்?" மாமி வீட்டில் பொரித்த அப்பளம் இலையில் விழுவதற்குள் நமுத்துப் போவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். தினமும் அதே கணக்குத்தான். சரி என்று ஏற்றுக்கொண்டேன்.

சேட்டிடம் மாமாவோடு போய்ச் சொன்னேன். மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உடம்பு கையெடுத்து என்னைக் கும்பிட்டது. "என் மனதிலிருந்து ஒரு பாறையை இறக்கிவிட்டாய், பேட்டீ" என்றார், மகளைக் கூப்பிடுகிற மாதிரி. அன்றே வேலிக்கு ஆள் போய்விட்டது. நான் ஊருக்குத் திரும்ப இன்னும் நாள் இருந்ததால் புல் வகைகளையும் பார்த்துவிடலாம் என்று சரிவுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். குளத்தைச் சுற்றிக் கல்தூண்கள் நட்டு, முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் ராச்சாப்பாடு. மாமா சாப்பிட்டு எழுந்துவிட்டார். எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே மாமி சொன்னாள்: "ஊரெல்லாம் உன்னை மெச்சறது. மெச்சட்டும். ஆனா நான் இல்லேன்னா உன் இலையெல்லாம் சருகாப் போயிருக்கும், கேட்டயா? ஒரு நாளாவது மாமிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னயோ?"

"நீங்க என்ன பண்ணினேள் மாமி?"

"என்ன பண்ணினேளா! பச்சிலையைப் போய் யாராவது டின்னுல அடைப்பாளோ? நீ தூங்கினப்புறம் தினமும் திறந்து, நன்னாத் தண்ணி தெளிச்சு, மூடினது நானாக்கும். உனக்குத்தான் கட்டுப் போடவே தெரியலை. நான் போடற கட்டைப் பாரு, காத்துப் போகாது."

கையிலிருந்த சாதம் இலையில் விழுந்தது. நான் நிறுத்ததெல்லாம் மாட்டுங்காக் குழாய்த் தண்ணீர்! அப்புறம் நான் பேசியதை எழுத முடியாது. கத்தினேன். "உங்களை யார் தொடச் சொன்னா? முருங்கைக்கீரையா அது?" என்று கேட்டேன். மாமிக்கும் முகம் சிவந்துவிட்டது. "ஆமாண்டீ, என் கண்ணுக்கு எல்லாம் கீரைதான். வாடிக் கிடக்கறதைப் பாத்துண்டு சும்மா இருக்க எனக்கு அறியாது" என்று சொம்பைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

சத்தம் கேட்டு மாமா வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துவிட்டார். "அங்கே வேலி முக்கால்வாசி முடிஞ்சாச்சு. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா சேட் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? விட்டுடு ராஜம். ரெண்டு மாசத்துல மழை வந்துடும்."

"அதுக்குள்ள மான் செத்துப் போயிடும் மாமா."

நான் அதைக் கத்திச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, மாமி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "என்னது? எந்த மான்?" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்து, எதற்காக அளக்கிறேன் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை, மாமாவும் சொன்னதில்லை. வேலியைப் பற்றி, குளத்தைப் பற்றி எல்லாவற்றையும் அன்று சொன்னேன். கடைசியில் எச்சில் இலையை எடுத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை சேட் அங்கே வருவாரோ? நானும் வரேன். தெளிச்சவ வந்து சொன்னாத்தான் நம்புவா" என்றாள்.

மாட்டுங்காவிலிருந்து கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர எங்கும் போகாத மாமி அன்று ஒன்பது கஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மின்சார வண்டியில் ஏறினாள். மாமா குர்லா வரை வந்தார். செம்பூர் வண்டியில் எங்களை ஏற்றிவிட்டு அவர் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். "நான் வந்தா ஆபீஸ் விவகாரம் ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் போனா இலை விவகாரமா இருக்கும்" என்றார். "சரி சரி, மோர் மூடி வச்சிருக்கேன், போய்க் குடியுங்கோ" என்று மாமி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

குளக்கரையில் சேட் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பி இழுப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் மாமி முன்னால் போய் நின்றுவிட்டாள். "சேட்ஜி, ஹம் பானி டாலா. ரோஜ் ரோஜ் டாலா" என்றாள்; நான்தான் தினமும் தண்ணீர் விட்டேன் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த இந்தி அது. தண்ணீர் தெளிப்பது எப்படி என்று விரலை உதறியும் காட்டினாள். சேட் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தத் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எடை கூடுவதற்காகப் பஞ்சில் தண்ணீர் தெளித்து விற்கிறவர்களை என் தகப்பனார் காலத்திலிருந்து பார்க்கிறேன், அம்மா" என்றார் சேட். "கையை விட்டால் போதும், எத்தனை தெளித்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். பஞ்சில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. இலையில் ஏமாந்தேனே!"

சிரிப்பு நின்றதும் வியாபாரி வெளியே வந்தார். பறித்த இலையை அங்கேயே, தன் கண் முன்னாலேயே நிறுக்க வேண்டும் என்றார். வண்டியை அனுப்பிக் கடையிலிருந்து பஞ்சின் சாம்பிளை எடை பார்க்கிற சின்னத் தராசை வரவழைத்தார். நான் பறித்தேன், முத்தம்மா கொப்பை வளைத்தாள், சேட்டே தட்டில் படிக்கல் வைத்தார். மாமி தன் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் ஈரங்கூட இலையில் பட்டுவிடக்கூடாது என்று பத்தடி தள்ளி நின்றாள்.

அந்த இலைகளைக் கூடத்தில் காயவைத்து மறுநாள் சேட்டின் கடையில், அதே தராசில் நிறுத்தோம். பாதிக்குப் பாதிகூடத் தண்ணீர் இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கிற மானுக்கு அது நிச்சயம் போதாது; புரதமும் குறைச்சல் என்பதால் அது நிறையத் தின்ன வேண்டும், நிறையத் தின்றால் தாகமும் கூடும். நான் சொல்லி முடித்ததும் சேட் சிரிக்கவில்லை. "வேலியைப் பிடுங்கு என்கிறாயா? அந்த ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே" என்றார். பிடுங்க வேண்டாம், குளத்தின் தாழ்ந்த மூலையில் வேலிக்கு வெளியே ஒரு தொட்டி கட்டி, குளத்திலிருந்து அதில் தண்ணீர் விழும்படி செய்தால் போதும் என்றேன்.

குடிசைக்காரர்களைக் கேட்காமல் செய்யமாட்டேன் என்று சேட் அன்று மத்தியானமே அங்கே போனார். மூத்தவள் ஒருத்தி, காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பதில் சொன்னாள். "முதலில் எங்கள் குழாயில் தண்ணீர் வரட்டும், சேட். அப்புறம் நீ ஒரு மூலை என்ன, இரண்டு மூலை விடு. எங்கள் ஊரில் நான் எருமைக்கு வைத்துவிட்டுத்தான் குடிப்பேன். இங்கே பேரனுக்கே இல்லை." குழாய் வேலையும் தொட்டி வேலையும் ஒன்றாக நடந்தன. கொத்தனார்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை மான் எதுவும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய சாயங்காலம், தொட்டியில் தண்ணீர் விட்டிருக்கிறது என்று சேட் சொல்லியனுப்பினார். நானும் மாமியும் போனோம். முத்தம்மாவும் அன்று வெயில் தாழ வந்திருந்தாள். "வரவா போவுது? சொன்னா கேக்கமாட்டிய" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு பாறை மறைவில் எங்களை உட்காரவைத்தாள். கீழே குடிசைகளில் குழாயடிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், அது வீறிட்டு அழுதது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இலந்தைப் புதர் அசைந்தது. முதலில் ஒரு பெண்மான் வந்தது. விலா எலும்பு தெரிந்தது. வேலியோரமாக நடந்து, கம்பியை முகர்ந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தது. அப்புறம் தொட்டியைக் கண்டுகொண்டது. கால்களை அகட்டி நின்று வாயை வைத்தது. நிமிரவே இல்லை. பின்னாலேயே இரண்டு, அதன் பின்னால் குட்டியோடு ஒன்று. "ஏ யாத்தீ!" என்று முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குக் கேட்கும்படி அவை தண்ணீரை உறிஞ்சின.

மாமி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

"ராஜம்" என்றாள், மூச்சுக்குள்ளாக. "இத்தனை தாகத்தோடயா அது இத்தனை நாள் நின்னுண்டிருந்தது?"

பெண்மான் இன்னும் தொட்டியிலிருந்து வாயை எடுக்கவில்லை.

"இலை வாடறதேன்னு நான் தண்ணி தெளிச்சேன்டீ. இதுகள் வாயிலேர்ந்து எடுத்துன்னா தெளிச்சிருக்கேன்."

அவள் அழுதாள். மாமி அழுது நான் பார்த்தது அது ஒரே தடவைதான். எனக்கும் அடக்க முடியவில்லை, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். குட்டிக்கு வாய் எட்டவில்லை. தாய்மான் ஈர வாயோடு குனிந்தது, குட்டி அதன் தாடையிலிருந்து சொட்டிய தண்ணீரை நக்கிக் குடித்தது. மான்கள் போனதும் மாமி மூக்கைச் சிந்திவிட்டுச் சரசரவென்று எழுந்து, தொட்டியோரத்தில் ஏறுவதற்கு ஒரு தட்டைக் கல்லைப் போட வேண்டும், குட்டிக்கு எட்டணுமோல்லியோ என்று முத்தம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். கல்லை உருட்ட மூன்று பேரும் கை கொடுத்தோம். முத்தம்மாவின் கையும் மாமியின் கையும் ஒரே கல்லின் அடியில் இருந்தன. கடைசி வண்டி போய்விட்டது.